எதையும் சோதித்துப் பார்த்த பண்டித ரமாபாய்

சென்னையிலிருந்து மும்பைக்கு ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாக வரும் ரயில் பாதை நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமானது. தௌண்ட் ஜங்ஷனைத் தாண்டிப் புனாவை நெருங்கும்போது பாட்டஸுக்கும் யவத்துக்கும் இடையே கேட்காவ் என்று ஒரு சிறிய நிலையம் வரும். பெட்டியைக் கட்டி, தலை வாரி, புனாவில் இறங்கத் தயாராகும் நேரம் அது. அந்தப் பெயர்ப் பலகையை யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் இந்தப் பாதை முழுவதும் ஒரு பெண்மணியின் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது. திருப்பதி மலையை அடுத்த வட்டாரத்தில் அவர் தந்தையைப் பறிகொடுத்தார். ராய்ச்சூரில் தாயை இழந்தார். கேட்காவில் ஆயிரக்கணக்கான அநாதைப் பெண்களுக்கு அவரே தாயானார். அவர்தான் பண்டித ரமாபாய். சம்ஸ்கிருதத்தைக் கரைத்துக் குடித்தவர், பெண் கல்விக்குப் பாடுபட்டவர், கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர் என்ற அளவில் பலரும் அவரை அறிவார்கள். கிறிஸ்தவரான பிறகும் அவர் தம் அறிவைக் கழற்றி வைத்துவிடவில்லை என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பண்டிதர் சொன்னாலும் பாதிரியார் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் அவர் எதையும் ஏற்கவில்லை. அந்தச் சோதனைக்கு அவர் கொடுத்த விலையும் சிறியதல்ல.

கூடையில் வளர்ந்த குழந்தை

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே. சித்பாவன் பிராமணர், பெரிய சம்ஸ்கிருத வித்வான். பெண்களுக்கு எழுத்து வாசனையே கூடாது என்று கருதப்பட்ட அக்காலத்தில், தம் இளம் மனைவி லட்சுமிபாய்க்குச் சம்ஸ்கிருதம் கற்றுக் கொடுத்தவர் அவர். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. சாஸ்திரியார் அசையவில்லை. தாம் செய்தது சாஸ்திர விரோதம் அல்ல என்று பண்டிதர்களிடம் நூல்களைக் காட்டியே வாதாடினார். பிறகு காட்டிலேயே ஆசிரமம் அமைத்துக்கொண்டு மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். சந்தேகம் வந்தால் மூல நூலைத் திறந்து பார்ப்பது என்ற பழக்கம் ரமாபாய்க்குத் தந்தை வழிச் சொத்து என்றே சொல்ல வேண்டும்.

ஆசிரமத்தில் வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டதில் குடும்பம் கடனாளியானது. ரமாபாய் சில மாதக் குழந்தையாக இருந்தபோதே தீர்த்த யாத்திரை தொடங்கிவிட்டது. பிரம்புக் கூடையில் குழந்தையை வைத்து ஒருவர் தலையில் சுமந்து நடந்தார். கோயில் வாசல்களிலும் ஆற்றங்கரைகளிலும் குடும்பத்தினர் புராணம் படித்தார்கள். கேட்டவர்கள் போட்ட காணிக்கையே பிழைப்பு. வழி நெடுகத் தாய் லட்சுமிபாய் மகளுக்கு விடியற்காலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதுக்குள் பாகவதத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்கள் சிறுமிக்கு மனப்பாடம்.

பஞ்சம்

1870-களின் நடுப்பகுதியில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டத் தொடங்கியது. புராணம் கேட்க ஆள் இல்லை, கேட்டவர் கையில் காசும் இல்லை. உடல் உழைப்பு சாஸ்திரிக் குடும்பத்துக்குப் பழக்கமில்லாதது. பிச்சை எடுக்கக் கௌரவம் இடம் தரவில்லை. கையிலிருந்த நகை, பாத்திரம் எல்லாம் கரைந்தன. தெய்வம் கண் திறக்கும் என்ற நம்பிக்கையில் இருந்ததையும் தான தருமத்துக்கே செலவிட்டார்கள். கடைசியில் காட்டுக்குள் சென்று உயிர் விடுவது என்று முடிவெடுத்து, இலைகளையும் காய்களையும் தின்று நாட்களைக் கழித்தார்கள்.

1874-ல் தந்தை இறந்தார். கடைசி வேளையில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் அவரை எரிக்காமல் புதைக்க வேண்டும். தூக்க ஆள் கிடைக்கவில்லை. மூத்த மகன் சீனிவாச சாஸ்திரி தந்தையின் உடலைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தானே சுமந்து சென்று அடக்கம் செய்தார். சில வாரங்களில் ராய்ச்சூரில் தாய். பாடை தூக்க நான்கு பேர் சேரவில்லை. இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள், அண்ணன் மூன்றாவது. நான்காவது ஆளாகத் தோள் கொடுத்தவர் பதினாறு வயது ரமாபாய். தோள் என்று சொல்வதுகூடச் சரியல்ல. மற்றவர்களைவிட உயரம் குறைவு என்பதால் மூங்கிலை அவர் தலையில் தாங்க வேண்டியிருந்தது. பிறகு அக்காளும் இறந்தார்.

மிஞ்சிய அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாக வடக்கே நடந்தார்கள். பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில், குளிர் தாங்காமல் மணலில் குழி தோண்டிக் கழுத்துவரை மண்ணை மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். நூல்களில் சொன்ன விரதம், தானம், தீர்த்தம் அனைத்தையும் ஒன்று விடாமல் செய்த குடும்பத்துக்கு ஏன் இந்தக் கதி என்ற கேள்வி அந்த நடையில்தான் அவருக்குள் எழுந்தது. மனக்கசப்பில் தெய்வமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கேள்வியைக் கூடவே சுமந்து நடந்தார்.

கல்கத்தாவில் சரஸ்வதி

1878-ல் இருவரும் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். இருபது வயதுப் பெண் தங்கு தடையின்றிச் சம்ஸ்கிருதத்தில் பேசுவதைக் கேட்டு வங்கப் பண்டிதர்கள் வியந்தார்கள். சோதித்துப் பார்த்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் வழங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட மரியாதை அந்நாளில் கேள்விப்படாத ஒன்று.

அங்கேதான் அவர் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போனார். அந்த நிகழ்ச்சி சிரிப்பை வரவழைக்கக் கூடியது. பிரார்த்தனை நேரத்தில் எல்லோரும் நாற்காலியின் பக்கம் திரும்பி முழந்தாளிட்டார்கள். சிலை எதுவும் காணோம். ஆகவே இவர்கள் நாற்காலியைத்தான் கும்பிடுகிறார்கள் என்று அண்ணனும் தங்கையும் முடிவு கட்டினார்கள்! சம்ஸ்கிருதத்தில் ஒரு பைபிளைக் கொடுத்தார்கள். நடை விளங்கவில்லை. மூடி வைத்துவிட்டார்.

பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேன் வேதங்களைப் படிக்கச் சொல்லி நூலைக் கையில் கொடுத்தார். பெண்கள் வேதத்தைத் தொடக் கூடாது என்று நம்பி வந்த ரமாபாய் தயங்கினார். பிறகு படித்தார். தர்ம சாஸ்திரங்களையும் ஊன்றிப் படித்தார். நூலுக்கு நூல் ஆயிரம் கருத்து வேறுபாடுகள் இருந்தாலும், பெண்ணைத் தாழ்த்துவதில் மட்டும் எல்லாம் ஒத்துப்போவதாக அவருக்குப் பட்டது. பரம்பரை நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது அப்போதுதான்.

1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு விபின் பிகாரி தாஸ் மேதாவி என்ற வங்காளி வக்கீலை ரமாபாய் மணந்தார். சாதி வேறு, மாநிலம் வேறு, மொழியும் வேறு. அது பதிவுத் திருமணம். 1881-ல் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோய்விட்டது. ஒன்றேமுக்கால் ஆண்டு கூட நிரம்பாத இல்லறம்.

அஸ்ஸாமின் சில்சாரில் கணவருடன் இருந்தபோது வீட்டுப் புத்தகங்களுக்கிடையே லூக்கா எழுதிய சுவிசேஷம் வங்காள மொழியில் அவர் கையில் கிடைத்திருந்தது. ஆர்வத்துடன் படித்தார். ஆனால் உடனே மதம் மாறவில்லை. இருபத்துநான்கு வயதில் கைக்குழந்தையுடன் நின்ற விதவை, ஆதரவு தேடி எந்த மதத்தில் சேர்ந்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் புனாவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். பெண் கல்வி பற்றி ஹண்டர் கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். அங்கே ஆங்கிலமும் கற்றார். பிராமண குலத்தில் பிறந்து கிறிஸ்தவத் துறவியான நீலகண்ட கோரே என்ற நெஹேமியா கோரேயுடன் சமய விசாரம் செய்தார். முடிவு மட்டும் எடுக்கவில்லை.

எது அவரை மாற்றியது?

மருத்துவம் படிக்கும் எண்ணத்துடன் 1883-ல் மகளுடனும் ஆனந்திபாய் பகத் என்ற தோழியுடனும் இங்கிலாந்து சென்றார். வாண்டேஜ் என்ற ஊரிலிருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் இடம் கொடுத்தது. காது மந்தமாகி வந்ததால் மருத்துவப் படிப்பு இல்லை என்று ஆயிற்று. அந்த ஆண்டே தோழி ஆனந்திபாய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்நிய நாட்டில், குளிரில், துணையற்ற நிலை.

இந்தச் சமயத்தில் லண்டன் ஃபுல்ஹாமில் கன்னியர்கள் நடத்திய ஓர் இல்லத்துக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். வழி தவறிய பெண்களைச் சேர்த்து, வேலை கற்றுக்கொடுத்து, மனிதராக வாழ வைக்கும் இடம் அது. ஊர் ஒதுக்கிய பெண்ணை அருவருப்பின்றித் தொட்டுப் பராமரிக்கும் பெண்களை ரமாபாய் அன்றுதான் முதலில் கண்டார். இவர்களை இப்படிச் செய்ய வைப்பது எது என்று விசாரித்தார். யோவான் சுவிசேஷத்தில் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணுடன் பேசும் பகுதியைக் காட்டினார்கள். பாதிரிமார்களின் வாதங்கள் இரண்டு ஆண்டுகளில் செய்யாததை ஒரு நாள் காட்சி செய்துவிட்டது. மரத்தை அதன் கனியால் அளந்தார் என்பது இதுதான். 1883 செப்டம்பர் 29-ஆம் தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

மடத்தில் எழுந்த பிணக்கு

ஞானஸ்நானத்துடன் கதை முடிந்தது என்று மடத்தில் நினைத்திருப்பார்கள். கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

ரமாபாய் செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே சம்ஸ்கிருதம் கற்றுக் கொடுத்தார். அவருடைய ஞானத் தாயாக இருந்தவர் வாண்டேஜ் மடத்துச் சகோதரி ஜெரால்டின். அன்பானவர், ஆனால் கண்டிப்பானவர். சபை சொன்னதைப் பணிவுடன் ஏற்பதே புதிதாக வந்தவருக்கு அழகு என்பது அவர் கொள்கை. ரமாபாயோ திரித்துவம் முதல் ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் பைபிளில் ஆதாரம் கேட்டார். இருவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன.

பெரிய விஷயங்களில் மட்டுமல்ல, சாப்பாட்டிலும் சண்டை. ரமாபாய் மரக்கறி உணவை விடவில்லை. முட்டை கலந்த பலகாரத்தையும் தொடவில்லை. பழைய சாதிப் பெருமை இன்னும் போகவில்லை என்று மடத்தில் குறை சொன்னார்கள். எதைத் தின்பது என்பது தம் மனச்சாட்சியைப் பொறுத்தது, அதில் கிறிஸ்துவுக்கு விரோதம் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. கடைசி வரை அவர் மரக்கறிதான்.

சிலுவையில் லத்தீன் வாசகம் பொறித்திருந்தது. லத்தீன் எதற்கு, என் மக்களுக்கு விளங்கும் சம்ஸ்கிருதம் ஆகாதா என்று கேட்டார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் சொல்வது தகாது, இந்தியர்கள் தவறாக நினைப்பார்கள் என்று பிஷப்புகள் தடுத்தார்கள். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த சபைகளிலேயே பேசி வந்தவர் நான், என்னை யார் தவறாக நினைத்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். ஒரு புரோகிதர் கூட்டத்தின் நுகத்திலிருந்து கழுத்தை இப்போதுதான் விடுவித்திருக்கிறேன், இன்னொரு கூட்டத்தின் நுகத்தில் அதை உடனே நுழைக்க மாட்டேன் என்பதே அவர் எழுதியதன் சாரம்.

இது வெறும் பிடிவாதமா? சகோதரி ஜெரால்டின் அப்படித்தான் நினைத்து வருந்தினார். உதவியை வாங்கிக்கொண்டு எதிர்த்துப் பேசுகிறாரே என்று அன்று முணுமுணுத்தவர்களையும் முற்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் உணவும் உறைவிடமும் கொடுத்தவர்களிடமே, இது எனக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்வது எளிதா? நன்றிக்கடன் பலருடைய வாயை அடைத்துவிடும். ரமாபாய் நன்றியையும் மறக்கவில்லை, வாயையும் மூடவில்லை. கடிதப் போர் நடந்த பிறகும் ஜெரால்டினுடன் உறவை முறித்துக்கொள்ளவில்லை. கல்லூரித் தலைவி டாரத்தி பீல் அம்மையார் மட்டும் இவர் போக்கைப் புரிந்துகொண்டு, கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார்.

சாரதா சதன்

1886-ல் அமெரிக்கா சென்றார். முதல் இந்தியப் பெண் டாக்டர்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பைப் பார்க்கப் போனவர், நாடு முழுவதும் சுற்றிப் பேசினார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887-ல் வெளிவந்தது. அதே ஆண்டு போஸ்டனில் ரமாபாய் சங்கம் தோன்றியது. விதவைகளுக்கு ஒரு பள்ளி நடத்தப் பத்து ஆண்டுகளுக்குப் பணம் தருவதாக ஏற்றுக்கொண்டது.

1889 மார்ச் 11-ஆம் தேதி பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புனாவுக்கு மாறியது. பிராமண விதவைகள் தங்கள் ஆசாரப்படி சமைத்துச் சாப்பிட ஏற்பாடு இருந்தது. மதப் போதனை கட்டாயமில்லை. நீதிபதி ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். இங்கு ஆரம்பத்தில் சேர்ந்த கோதுபாய் என்ற இளம் விதவையைத்தான் பின்னாளில் மகரிஷி கார்வே மணந்துகொண்டார்.

ரமாபாய் தினமும் காலையில் தம் அறையில் மகளுடன் பிரார்த்தனை செய்வார். கதவைச் சாத்துவதில்லை. சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. இதுவே பெரும் புயலாகியது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். பல பெற்றோர்கள் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

கதவை மூடியிருந்தால் தீர்ந்தது என்று இன்று நமக்குத் தோன்றும். நம்பிப் பெண்களை ஒப்படைத்தவர்களின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. ரமாபாய் வேறு கணக்குப் போட்டார். அந்த வீட்டில் இந்துப் பெண்கள் தங்கள் பூஜையைச் செய்யத் தடையில்லை. அப்படியிருக்கத் தம் வீட்டில் தாம் ஒளிந்து கும்பிட வேண்டுமா என்பது அவர் வாதம். யார் பக்கம் நியாயம் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும். பள்ளி மூடப்படும் நிலை வந்தபோதும் அவர் மழுப்பிப் பேசவில்லை என்பது மட்டும் உண்மை.

தம்மையே சோதித்தது

இதற்குச் சற்று முன், ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், இன்னொன்று நடந்தது. வில்லியம் ஹாஸ்லம் என்ற இங்கிலாந்துப் பாதிரியாரின் சுயசரிதை ரமாபாய் கையில் கிடைத்தது. பல காலம் பிரசங்கம் செய்துவிட்டு, தமக்கே உண்மையான அனுபவம் இல்லை என்று பிற்பாடு உணர்ந்தவர் அவர். படித்த ரமாபாய்க்குச் சுருக்கென்றது. கிறிஸ்தவ மதத்தின் கோட்பாடுகளைத் துருவித் துருவி ஆராய்ந்தோம், மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைத்தாரா என்று தம்மைக் கேட்டுக்கொண்டார். இல்லை என்பதே அவர் கண்ட பதில்.

உலகம் போற்றும் பண்டிதை, இரண்டு கண்டங்களில் மேடையேறியவர், தமக்கே இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டதுதான் அவர் செய்த சோதனைகளிலேயே கடினமானது. அதன் பிறகு அவருடைய வாதங்களில் காரம் குறைந்தது. வேலை கூடியது.

கேட்காவ்

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்று செய்தி வந்தது. ராய்ச்சூரில் தாயின் பாடையைத் தலையில் தாங்கியவர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கையிலோ பணமில்லை. போஸ்டன் சங்கத்தின் பத்து ஆண்டுக் கெடு முடியும் தறுவாயில் இருந்தது. புறப்பட்டுவிட்டார். நிவாரண முகாம்களையும் தரும விடுதிகளையும் நேரில் பார்த்தார். எலும்பும் தோலுமான சிறுமிகளைத் தரகர்கள் நயவஞ்சகமாக ஏமாற்றிக் கொண்டுபோவதைக் கண்டார். கிடைத்த பெண்களை ரயிலேற்றி அழைத்து வந்தார். சுமார் முந்நூறு பேர் சேர்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புனாவில் பிளேக் பரவியது. நகரத்தில் அதிகம் பேரை வைத்திருக்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. சாரதா சதனுக்குப் பிற்காலத்தில் வருமானம் வேண்டுமே என்று முன்யோசனையாகக் கேட்காவில் சுமார் நூறு ஏக்கர் நிலம் வாங்கிப் பழத் தோட்டம் வைத்திருந்தார் ரமாபாய். அங்கே கொட்டகை போட்டுப் பெண்களைக் குடியேற்றினார். அதுவே முக்தி மிஷன் ஆயிற்று. பிளேக் மருத்துவமனையில் தம் பெண்களுக்கு நேர்ந்த அவலத்தைக் கண்டு, வெள்ளைக்கார அதிகாரிகளைக் கண்டித்து 1897-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவும் அவர் தயங்கவில்லை. ஆளுகிறவர்களும் தாமும் ஒரே மதம் என்பது அவர் வாயைக் கட்டவில்லை.

1900-ல் குஜராத் பஞ்சம். அங்கிருந்தும் பெண்கள் வந்தார்கள். அந்த ஆண்டு முக்தியில் இருந்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். இரண்டாயிரம் பேருக்குத் தினமும் சமைப்பது என்றால் என்னவென்று கல்யாண வீட்டில் பரிமாறியவர்களைக் கேட்டால் தெரியும். இங்கே தினமும் பந்தி. கிணறுகள் வெட்டினார்கள். தறி போட்டார்கள். எண்ணெய் ஆட்டினார்கள், பால் கறந்தார்கள், துணி வெளுத்தார்கள், ரொட்டி சுட்டார்கள். அச்சகம் நடத்தினார்கள். எழுத்துக் கோப்பதும் பெண்களே, அச்சடிப்பதும் பெண்களே, பைண்டு செய்வதும் அவர்களே. பார்வையற்ற பெண்களுக்கு பிரெயில் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் தள்ளிவைத்த பெண்களுக்குக் கிருபா சதன் என்று தனி இல்லம். ஃபுல்ஹாமில் பார்த்தது கேட்காவில் மண் சுவரும் ஓடுமாக எழுந்து நின்றது.

பிரார்த்தனைக்கும் வேலைக்கும் நடுவே அவர் கோடு போடவில்லை. ஜெபத்தில் கண்ணீர் விட்ட பெண் மறுநாள் காலையில் கிணற்றடியில் சண்டை போடாமல் இருக்கிறாளா என்று பார்ப்பவர் அவர். 1905-ல் முக்தியில் பெரும் சமய எழுச்சி உண்டாயிற்று. பெண்கள் கூட்டமாக உரத்த குரலில் அழுது பிரார்த்தனை செய்தார்கள். கூச்சல், ஒழுங்கில்லை என்று வெளியில் சில மிஷனரிகள் முகம் சுளித்தார்கள். ரமாபாய் தாமே அமைதியான சுபாவம் உள்ளவர். ஆனாலும் அடக்கவில்லை. ஆங்கிலேயர் ஆங்கிலேயராகக் கும்பிடட்டும், இந்தியப் பெண்கள் தங்கள் வழியில் அழுது கும்பிடட்டும், தமக்குப் பிடித்தபடிதான் கடவுள் செயல்பட வேண்டும் என்று சட்டம் போட நாம் யார் என்பது அவர் நிலை.

கடைசி வேலை

மராத்தி பைபிள் அப்போதே இருந்தது. ஆனால் முக்தியின் பெண்களுக்கு அதன் நடை புரியவில்லை. பஞ்சத்தில் வந்தவர்கள், பத்துப் பன்னிரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்கள். சம்ஸ்கிருதச் சொற்கள் அவர்களைப் பயமுறுத்தின. கல்கத்தாவில் சம்ஸ்கிருத பைபிள் விளங்காமல் தாமே மூடி வைத்த நாள் ரமாபாய்க்கு நினைவு வந்திருக்குமோ என்னவோ. 1904-ஆம் ஆண்டு வாக்கில், எளிய மராத்தியில் பைபிள் முழுவதையும் தாமே மொழிபெயர்க்கத் துணிந்தார். வயது நாற்பத்தாறு. மூல மொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் அதற்காகவே கற்றார். காது ஏறக்குறைய கேட்காத நிலை. பகலில் நிர்வாகம், அதிகாலையிலும் இரவிலும் மொழிபெயர்ப்பு.

சம்ஸ்கிருதப் புலமைக்காகச் சரஸ்வதி என்று பட்டம் பெற்றவர், தம் வாழ்வின் கடைசிப் பதினெட்டு ஆண்டுகளைச் சம்ஸ்கிருதச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அகற்றுவதில் கழித்தார். அறிஞர்களுக்கு அந்த மொழிபெயர்ப்பு அவ்வளவு திருப்தி தரவில்லை. நடை வறண்டுவிட்டது என்றார்கள். மராத்தி சபைகளில் அது பரவலாக வழக்குக்கு வரவுமில்லை. தனி ஒருவராக அந்த வேலையை ஏற்றது அளவுக்கு மீறிய துணிச்சல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் எழுதியது அறிஞர்களுக்காக அல்ல. அடுப்படியில் வேலை முடித்துவிட்டு விளக்கடியில் உட்காரும் பெண்ணுக்காக.

மகள் மனோரமா வளர்ந்து பட்டம் பெற்று, சாரதா சதன் பள்ளிப் பொறுப்பை ஏற்றிருந்தார். இதே ரயில் பாதையில் உள்ள குல்பர்காவிலும் (இன்றைய கலபுரகி) தாயும் மகளும் ஒரு பள்ளி தொடங்கினார்கள். தமக்குப் பின் எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொள்வாள் என்று ரமாபாய் இருந்தார். 1921 ஜூலையில் மனோரமா நாற்பது வயதில் மறைந்தார். தாய், தந்தை, அக்காள், அண்ணன், கணவர், இப்போது மகள். ஆறாவது சாவு.

ரமாபாய் மீண்டும் பிழை திருத்தும் தாள்களுக்கு முன் உட்கார்ந்தார். அச்சகத்திலிருந்து பெண்கள் கொண்டுவந்து வைக்கும் தாள்களைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். கடைசித் தாள்கள் முடியும்வரை உயிர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக முக்தியில் சொல்லுவதுண்டு. வேலை முடிந்தது. 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி, அறுபத்துநான்கு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

வெள்ளைப் பருத்திச் சேலை உடுத்த அந்த உடலை முக்தி வளாகத்துக்கு வெளியே எங்கும் கொண்டுபோகவில்லை. பாடை தூக்க ஆள் தேட வேண்டிய அவசியமும் இந்த முறை இருக்கவில்லை. அவர் மறைந்த பிறகு, அவர் மொழிபெயர்த்த பைபிள் முழுவதும் அந்த அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது.